அம்மப்பாவின் கடதாசிகள்

அன்புள்ள தம்பி,

நான் சுகம். நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். மழை ஓய்ந்துவிட்டது, கிணறு நிறையத் தண்ணீர். தெற்கு வளவுக் கலியாணம் முடிந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

பொங்கலன்று நீ கேட்ட விஷயம்தான். அம்மப்பா பிரித்தானிய விமானப்படையில் இருந்த கடதாசிகளைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னாய். அதற்குப் பிறகு உன் சத்தத்தையே காணோம். போன் எடுத்தால் சின்னவள்தான் கதைக்கிறாள், அப்பா மேலே படுத்திருக்கிறார் என்கிறாள். அங்கே அப்போது மத்தியானம், வேலை நாள் வேறு. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

றங்குப்பெட்டியை இறக்கினேன். படையிலிருந்து விட்டபோது கொடுத்த விடுவிப்புப் புத்தகம் இருக்கிறது. ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது, ஆனால் சேவை இலக்கம் தெளிவாய்த் தெரிகிறது. பதக்கங்கள் தபாலில் வந்த அதே சின்ன அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் ஐயாவின் பெயர் எதிலும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பதக்கங்களில் வழக்கமாகப் பெயர் வெட்டுவதில்லையாம். அவை ஐயாவுடையவைதான் என்பதற்கு இந்தப் புத்தகம் ஒன்றே சாட்சி. துருப்பிடித்த குண்டூசியை மெல்லக் கழற்றிவிட்டு, கழுவிக் காயவைத்த வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். போட்டோப் பிரதி எடுக்கிற பெடியன் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டித் தரட்டுமா என்று கேட்டான். ஒட்டினால் பிறகு பிரிக்கவே ஏலாது, வேண்டாம் என்றுவிட்டேன். பழைய தமிழ்ப் புத்தகம், கடதாசிகளை ஸ்கான் எடுத்து இணையத்தில் காக்கிற நூலகம் நிறுவனத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து ஸ்கான் எடுப்பிக்க யோசிக்கிறேன்.

மிச்சம் உன் பக்கம்தான் இருக்கிறது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு வைத்திருந்த பழைய சேவைக் கோவைகளை 2022 முதல் லண்டனில் கியூ (Kew) என்கிற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஐயாவின் கோவை இப்போது எவரிடம் இருக்கிறது என்று முதலில் பார்த்து, அங்கே எழுதிக் கேள். இலக்கம், பிறந்த தேதி, மரணச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து அனுப்பு. பெயரை இரண்டு விதமாகவும் தேடச் சொல், ஐயாவின் தகப்பன், அப்புவின் பெயரை முன்னுக்குப் போட்டும் பின்னுக்குப் போட்டும், ஏனென்றால் எங்கள் பெயரில் எது குடும்பப் பெயர் என்று அவர்களுக்கு விளங்கியிராது. பலாலி என்று தேடாதே, காங்கேசன்துறை என்று தேடு. நாங்கள் பலாலி என்கிற அந்த ஓடுபாதைக்கு அவர்கள் வைத்த பெயர் அதுதான். லிபரேட்டர் விமானங்கள் அங்கே நின்றன, அதன் இறக்கைக்குக் கீழே படுத்துக் கிடந்து வேலை செய்ததை ஐயா சொல்லச் சொல்ல நீ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாய். இலக்கத்தை இரண்டு தரம் சரிபார். வேலைநாளில் போக ஏலுமென்றால் ஒருக்கால் நேரிலேயே போய் வா, உனக்கும் வெளியில் போனதாய் இருக்கும்.

நீ முக்கியமாய்க் கேட்டது அந்தக் கொப்பியை. பென்சிலால் இறக்கையும் எஞ்சினும் கீறி, பக்கத்தில் குட்டி எழுத்தில் கணக்கெல்லாம் போட்டிருப்பாரே, அது. 95 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தடியில் மூட்டையிலிருந்து விழுந்துபோனது என்றுதான் உனக்கும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். விழவில்லை, தம்பி. சாவகச்சேரிக்கும் கொண்டு போனேன், 96 சித்திரையில் பத்திரமாய்த் திருப்பியும் கொண்டுவந்தேன். பிறகு ஆமியின் சுற்றிவளைப்புத் தொடங்கியது. பிளேன் படமும் இலக்கங்களுமாய் ஒரு கொப்பி இந்த வீட்டில் கிடந்தால் உன் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். ஒருநாள் விடியப்புறம் குசினி அடுப்பில் ஒவ்வொரு தாளாய்ப் போட்டேன். கெட்டி அட்டை, எரிய மாட்டேன் என்று நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

ஐயா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். மூன்று தரம் அந்தப் பெட்டியைக் கிண்டினார். பாலத்தடியில் விழுந்திருக்கும் ஐயா என்று பக்கத்தில் நின்று சொன்னேன். கடைசியில், "பரவாயில்லை பிள்ளை, உயிரோடு வந்து சேர்ந்தோம்தானே" என்று என் தலையைத் தடவினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்தவள் நான். இப்போது உன்னிடம், எனக்கு ஒன்றும் ஒளிக்காதே என்று கேட்க எனக்கு முகமில்லை.

இலக்கத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இந்த மாதம் நீ அனுப்பிய காசை வங்கியில் அப்படியே வைத்திருக்கிறேன், தேவையென்றால் சொல். ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில்தான். கடதாசி அலுவல் ஒன்றும் முடியாவிட்டாலும் நீயே போன் எடு, சின்னவளிடம் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா