கையை உள்ளே விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில், எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு பனியை அள்ளி வீசும் ஒரு சிறிய இயந்திரம், ஸ்னோ புளோவர், நிற்கிறது. முதுகுக்கு நல்லதுதான். ஆனால் அதைப் பாவிக்கும் விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

ஈரப்பனி பெய்த நாளில் பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்ளும். உடனே கையுறையோடு கையை உள்ளே விடுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியை நான் சத்தம் போட்டுத்தான் நிறுத்தினேன். "எஞ்சினை நிறுத்திவிட்டேனே, ஐயா" என்றார். நிறுத்தினாலும் அடைபட்ட சுழல் தகட்டில் இறுக்கம் மிச்சமிருக்கலாம். அடைப்பு விலகும் கணத்தில் அது சுழன்று விரலைக் கொண்டுபோய்விடும். அடைப்பை எடுக்கவென்றே பல இயந்திரங்களோடு ஒரு பிளாஸ்டிக் துடுப்பு வருகிறது. அது பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது! எஞ்சினை நிறுத்திய பின் தும்புத்தடிக் காம்பால் குத்தினாலும் போதும்.

இன்னும் சிலர் கராஜ் கதவை மூடிக்கொண்டு பெட்ரோல் எஞ்சினைச் சூடாக்குகிறார்கள். எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை என்பதை யார் சொல்வது?

நகரசபை வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் இறுகிய பனி வரம்பைச் சிறிய இயந்திரம் தின்னாது. அதற்குச் சவள்தான். இயந்திரத்தை விற்ற கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பனியை வீதியில் வீசுவது டொரொன்டோவில் சட்டப்படி தடை. இதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். என் எதிர்வீட்டுக்காரர் தங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
ஸ்காபரோ