மலைப் பாதைகளில் படுக்கை விடுதிகள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக மூணாறு சென்று, மறையூர், உடுமலை, பழனி வழியே கொடைக்கானல் ஏறி, வத்தலக்குண்டு இறங்கி ஊர் திரும்பும் சுற்றுப் பயணத்தை நானும் என் கணவரும் அண்மையில் இருசக்கர வாகனத்தில் மேற்கொண்டோம். வெயிலில் காயும் போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டியதும், ஏலக்காய்த் தோட்டங்களின் ஈரக்காற்று முகத்தில் அறையும். நம் மாவட்டத்தார் பலர் இதைக் காணாமலே இருப்பது வருத்தத்திற்குரியது.

மூணாறில் ஹாஸ்டல் ஒன்றில் தங்கினோம். அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, பெண்களுக்குத் தனி அறை, எல்லோரும் சமைத்துக்கொள்ளப் பொது அடுப்பு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. வாடகையோ படுக்கைக் கணக்கில்தான். மாணவர்கள் மலிவாகத் தங்கி ஊர் பார்க்க வேண்டுமென்று ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்டு ஷிர்மான் 1912-இல் ஆல்டேனா கோட்டையில் தொடங்கிய ஏற்பாடு இது.

ஆனால் நம் பக்கத்து மலையடிவார ஊரொன்றின் தங்கும் விடுதியில், ஆதார் அட்டைகளைக் காட்டிய பிறகும் திருமணச் சான்றிதழ் கேட்டு எங்களை இரவில் வாசலிலேயே நிறுத்தினார்கள். வயது வந்த இருவரிடம் அடையாள அட்டைக்கு மேல் கேட்பது முறையன்று.

சுற்றுலாத் துறை போடியிலும் பழனி அடிவாரத்திலும் மூணாறில் கண்டது போன்ற படுக்கை விடுதிகளைத் திறக்க வேண்டும். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் பெற்றே செல்கிறோம். அதே இணையதளத்தில் காலிப் படுக்கைகளின் விவரத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, செல்லூர், மதுரை.