‘கோடகன்’ ஏன் இரண்டானது? இணைப்பு அட்டவணைக் கோளாறு குறித்துப் புகார்

அனுப்புநர்:
திட்ட அலுவலகம்,
நீர்நிலை மராமத்து ஒப்பந்த நிறுவனம்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பணி மேலாண்மை மென்பொருள் நிறுவனம்.

பொருள்: பணிக்கும் வேலைக்கும் உள்ள இணைப்பு, எச்சரிக்கை ஏதுமின்றிப் பிரிந்து, முடியாத பணிக்கு 100 சதவீதம் காட்டுவது – திருத்தமும் சந்தா ஈடும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களிலும் குளங்களிலும் மடை, ஷட்டர், மறுகால், கரை மராமத்து வேலைகளை எடுத்துச் செய்கிறோம். இந்த வேலைகளை உங்கள் மென்பொருளில் மூன்று அட்டவணைகளாக வைத்திருக்கிறோம். பணி அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு ஒப்பந்தம். வேலை அட்டவணையில் ஒரு வரி என்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு வேலை. மூன்றாவது சரக்கு: சிமென்ட், கம்பி, ஷட்டர் பலகை, திருகு ராடு. வேலை அட்டவணையில் உள்ள ‘எந்தப் பணி’ என்ற இணைப்புக் கட்டம்தான் முதல் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. வேலையில் டிக் போட்டால் பணியின் சதவீதம் ரோல்அப்பில் (இணைந்த வரிகளைத் தொகுத்துக் கணக்கிடும் கட்டத்தில்) தானாக ஏற வேண்டும். ஊர், ஒப்பந்தத் தொகை, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் பணி வரியில் ஒரே இடத்தில் இருக்கும். ஐம்பது இடத்தில் திரும்ப எழுத வேண்டாம். எக்ஸெலை விட்டு உங்களிடம் வந்ததே இதற்காகத்தான்.

அந்த ‘ஒரே இடம்’ இப்போது இரண்டு இடமாகிவிட்டது. அதுதான் புகார்.

அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து பிரியும் கோடகன் கால்வாயில் ஒரு மடை ஷட்டர் மாற்றும் பணி. மொத்தம் 14 வேலைகள். உங்கள் பணிப் பலகையில் அது ‘100 சதவீதம், பில் தயார்’ என்று பச்சையில் நின்றது. உண்மையில் முடிந்திருந்தவை 9. ஷட்டர் பொருத்துவது, திருகு ராடுக்குக் கிரீஸ் இடுவது, சட்டத்துக்குப் பெயிண்ட், 28ஆம் நாள் கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை உடைத்துப் பலம் பார்ப்பது), அளவுப் புத்தகப் பதிவு (செய்த வேலையின் அளவை பில்லுக்காக எழுதுவது) ஆகிய ஐந்தும் பாக்கி. அந்த ஐந்தும் அழிந்துபோகவில்லை. ‘கோடகன் கால்வாய் – மடை ஷட்டர்’ என்று அதே பெயரில் இன்னொரு பணி வரி உருவாகி, அதன் கீழே போய் உட்கார்ந்திருந்தன. அந்த வரியில் 0 சதவீதம். ஒப்பந்தத் தொகை, தேதி எதுவும் இல்லாததால், தேதியை வைத்து வடிகட்டிய எங்கள் பலகையில் அது தலைகாட்டவே இல்லை.

உங்கள் உதவி மையம் எழுதிய பதில்: ‘பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், ஒரே மாதிரி தட்டச்சு செய்யுங்கள்.’ இந்தப் பதிலை ஏற்க முடியாது. பிழை எழுத்தில் இல்லை, உங்கள் ஒப்பீட்டில் இருக்கிறது. விளக்குகிறோம்.

‘கோ’ என்ற எழுத்தை, கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக வருவது. மற்றது, இரட்டைக் கொம்பு ஒரு குறியீடாகவும் துணைக்கால் ஒரு குறியீடாகவும் அடுத்தடுத்து வருவது. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. எக்ஸெலில் குறியீடுகளை எண்ணும் லென் சூத்திரம் போட்டுப் பார்த்தால் தெரியும்: ‘கோடகன்’ முதல் விதத்தில் 6, இரண்டாவதில் 7. தாமிரபரணியின் இன்னொரு கால்வாயான ‘கோடைமேலழகியான்’ பெயரைப் போட்டால் 14, 15. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே கதை. செல்பேசி விசைப்பலகையில் அடித்தால் பெரும்பாலும் முதல் விதம் வருகிறது. பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் சில இரண்டாவது விதமாகத் தருகின்றன. பல வருட மதிப்பீட்டுக் கோப்புகளை இப்படி மாற்றி வைத்திருக்கிற அலுவலகங்கள் திருநெல்வேலியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க உண்டு.

இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று யூனிகோடு தரநிலையே சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்.எஃப்.சி. என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதலே இதற்கான ‘நார்மலைஸ்’ கட்டளை உள்ளேயே இருக்கிறது. இதை நீங்கள் செய்யவில்லை என்பதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். பணி அட்டவணையில் பிரித்த வடிவில் ‘கோடகன்’ என்று ஒரு வரி சேருங்கள். பிறகு சேர்ந்த வடிவில் ‘கோடகன்’ என்று இணைப்புக் கட்டத்தின் தேடலில் அடியுங்கள். ஏற்கெனவே உள்ள வரி வராது. அதற்குப் பதிலாக ‘கோடகன் – புதிதாக உருவாக்கு’ என்ற வரி முதலில் வந்து நிற்கும். சைட்டில் வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்க்கும் சூப்பர்வைசர் முதலில் தெரியும் பெயரைத்தான் தொடுவார். அவர் தொட்டது சரி. அந்த இடத்தில் அந்த வரியை வைத்ததுதான் தவறு.

சி.எஸ்.வி. கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பை) ஏற்றும்போது நிலைமை இன்னும் மோசம். அங்கே தொடுவதற்குக்கூட யாரும் இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் மென்பொருளே புதிய பணி வரியை உருவாக்கி இணைத்துவிடுகிறது. இறுதியில் வரும் செய்தி ‘வெற்றிகரமாக ஏற்றப்பட்டது’ என்பது மட்டும். எத்தனை பழைய வரிகளோடு இணைந்தது, எத்தனை வரிகளைப் புதிதாக உருவாக்கியது என்று ஒரு சொல் கிடையாது. பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும் இதே கதிதான்.

இதன் மேல் உங்கள் தானியங்கி விதி வேறு. சதவீதம் 100 ஆனால் நிலையை ‘பில் தயார்’ என்று மாற்றச் சொல்லியிருந்தோம். பிரிந்த இணைப்பை நம்பி அது மாற்றியது. ரோல்அப் தனக்குக் கீழே இணைந்த வரிகளை மட்டும்தான் எண்ணும், இணையாமல் போனது அதற்குத் தெரியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. ஆகவேதான் இணைப்பு உருவாகும் இடத்தில் காவல் வேண்டும் என்கிறோம். கணக்கு சரியாக வராவிட்டால் கட்டம் காலியாக இருக்கட்டும், சிவப்பில் நிற்கட்டும். தவறான எண்ணைப் பச்சையில் காட்டக் கூடாது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஆள் விசாரிப்பார். 100 சதவீதத்தைப் பார்த்தால் அடுத்த பணிக்குப் போய்விடுவார்.

எங்கள் தொழிலில் இது சில நாள் தாமதத்தோடு போகாது. பிசான நெல் அறுவடை முடிந்து, ஜூனில் அடுத்த பருவமான கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் கால்வாய் காய்ந்து கிடக்கும் இடைவெளியில்தான் மடைக்குள் இறங்கி வேலை செய்ய முடியும். அணை இருப்பைப் பொறுத்துத் திறப்புத் தேதி முன்பின் ஆகலாம். ஆனால் திறந்துவிட்டால், பொருத்தாத ஷட்டரைப் பொருத்த மணல்மூட்டை அடுக்கி, தண்ணீரைத் திருப்பி, இரட்டைச் செலவு.

தேதிக் கட்டத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. கான்கிரீட் போட்ட நாளோடு 7 நாளும் 28 நாளும் கூட்டி, 150 மில்லிமீட்டர் கியூபை எந்த நாளில் உடைக்க வேண்டும் என்று சூத்திரம் வைத்திருக்கிறோம். மே 4 அன்று போட்டால் மே 11, ஜூன் 1 என்று வர வேண்டும். இணைப்பு வழியாகப் பணி அட்டவணைக்கு வரும்போது மே 10, மே 31 என்று காட்டுகிறது. வேலை அட்டவணையில் நேரே பார்த்தால் சரியாக இருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: நம் நேரத்தில் நள்ளிரவு 12 மணி என்பது உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30. ரோல்அப் அந்தப் பொது நேரத்தின் தேதியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நேரம் இல்லாத வெறும் தேதிக்கு நேர மண்டலக் கணக்கே வரக் கூடாது. 27ஆம் நாளில் உடைத்த கியூபை 28ஆம் நாள் பலம் என்று பதிவேட்டில் எழுத முடியாது.

செல்பேசிச் செயலியில் ஒன்று. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பல சைட்டுகளில் சிக்னல் இருக்காது. ஒரே வேலைக்கு ஒருவர் சிமென்ட் வரியையும் இன்னொருவர் கம்பி வரியையும் சிக்னல் இல்லாமல் இணைத்துவிட்டு வருகிறார்கள். பிறகு சிக்னல் வந்ததும், கடைசியாக யார் போன் அனுப்பியதோ அவர் இணைப்பு மட்டும் நிற்கிறது, மற்றது போய்விடுகிறது. ‘இதைச் சேர்’ என்று அனுப்பாமல், முழுப் பட்டியலையும் அனுப்பிப் பழையதன் மேல் எழுதுவதால் வரும் வினை இது. இணைப்புக் கட்டத்துக்குச் சேர்த்ததையும் நீக்கியதையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். சரக்குக் கணக்கில் இருப்பு கூடுதலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

அட்டவணையை நகல் எடுக்கும்போது இணைப்பு பழைய அட்டவணையையே பிடித்துக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். ஏப்ரலில் புது நிதியாண்டுக்கு நகல் எடுத்தால், புது வேலைகள் போன வருடப் பணிகளுக்குக் கீழே போகின்றன. இரண்டு அட்டவணைகளையும் ஒரே பக்கத்துக்குள் வைத்து, அந்தப் பக்கத்தையே நகல் எடுத்தால் இணைப்புகள் புதியவற்றுக்குள் சரியாக நிற்கின்றன. இதை உங்கள் உதவிப் பக்கத்தில் எங்கும் எழுதவில்லை.

பிரிந்த வரிகளை நாங்களே கையால் சேர்க்கலாம் என்றால் அதற்கும் வழி சரியில்லை. ஐந்து வேலைகளையும் பழைய வரிக்கு மாற்றிவிட்டு இரண்டாவது வரியை நீக்கினால், அந்த வரியில் இருந்த சரக்கு இணைப்புகள், படங்கள், சூப்பர்வைசர் எழுதிய குறிப்புகள் எல்லாம் அதோடு போகின்றன. குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டால் வரி வருகிறது, இணைப்புகள் வருவதில்லை. தரவை வெளியே எடுத்து எக்ஸெலில் சரிபார்க்கலாம் என்று பார்த்தால், ஏற்றுமதிக் கோப்பில் இணைப்பின் பெயர் மட்டும் இருக்கிறது, வரியின் அடையாள எண் இல்லை. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘கோடகன்’களில் எந்த வேலை எதனுடையது என்று அங்கேயும் பிரித்தறிய வழி இல்லை.

ஆகவே கேட்பது இவை. முதலாவதாக, தேடல், கோப்பு ஏற்றுதல், நகல் கண்டறிதல் எங்கும் பெயரை ஒப்பிடும் முன் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றுங்கள்; முன்பின் வெற்றிடங்களை நீக்குங்கள். இது பொறுக்க முடியாத அவசரம். கோப்பு ஏற்றும்போது ‘இத்தனை வரிகள் பொருந்தின, இத்தனை புதிதாக உருவாகும்’ என்று பெயர்ப் பட்டியலோடு காட்டி, எங்கள் சம்மதம் பெற்ற பிறகே உருவாக்குங்கள். ‘புதிதாக உருவாக்கு’ என்ற வரியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள். அதை முழுதாக அணைத்துவைக்கும் உரிமையை நிர்வாகிக்குக் கொடுங்கள்.

ஏற்கெனவே பிரிந்துவிட்டவற்றைச் சேர்க்க ஒரு கருவி வேண்டும். இரண்டு வரிகளைத் தேர்ந்து ‘ஒன்றாக்கு’ என்றால், வேலை, சரக்கு இணைப்புகளும் படங்களும் குறிப்புகளும் ஒரே வரிக்கு வந்துவிட வேண்டும். அது வரும்வரை எங்கள் கணக்கில் தானாக உருவான பணி வரிகளின் பட்டியலை, உருவான தேதி, உருவாக்கியவர், அடையாள எண் மூன்றோடும் உங்கள் தொழில்நுட்பப் பிரிவு எடுத்துத் தரட்டும். எங்கள் வரிகளை எங்கள் அனுமதி இல்லாமல் அவர்களே திருத்த வேண்டாம். எது எந்த மடை என்பது எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். தேதிக் கோளாறையும் செல்பேசி இணைப்புக் கோளாறையும் எந்த வெளியீட்டில் சரிசெய்வீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

சதவீதத்தை நம்ப முடியாமல் ஒவ்வொரு பணியையும் அளவுப் புத்தகத்தோடு கையால் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். திருத்தம் வரும்வரை உள்ள மாதங்களுக்கான சந்தாத் தொகையை அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துத் தர வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொறுப்பான தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் எழுத்தில் பதில் தரவும். ‘எழுத்துப்பிழை’ என்று அச்சடித்த பதில் மீண்டும் வந்தால், அடையாள எண்களோடு கூடிய முழு ஏற்றுமதிக் கோப்பைத் தந்து எங்கள் கணக்கை முடித்து, மீதிச் சந்தாவைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு வடிவிலும் ‘கோடகன்’ உள்ள சோதனைக் கோப்பு, பலகையின் திரைப் படங்கள், மே 4 தேதிச் சூத்திரத்தின் படம் ஆகியவற்றை இத்துடன் அனுப்பியுள்ளோம். சோதனைக் கோப்பை எக்ஸெலில் திறந்து மறுபடி சேமிக்காமல், வந்தபடியே ஏற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
திட்ட அலுவலகம்,
பாளையங்கோட்டை.