மீட்டரில் மின்னும் சிவப்புப் புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன். புதிதாக வந்த போன்களையும் செயலிகளையும் பற்றி எழுதுகிறீர்கள், நல்லதுதான். கூடவே, வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடியவற்றுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் மன்னார்குடியில் கணித ஆசிரியை. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இரண்டு மாத மின் கணக்கு வழக்கமாக 470 யூனிட்டை ஒட்டி வரும். போன டிசம்பரில் 523 வந்தது. மழைக்காலம், மின்விசிறி ஓடியதே குறைவு. நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்களின் விலையும் இரட்டிப்பாகிவிடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். இது பலருக்குத் தெரியாது. எனக்கும் அந்த பில்லை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். அதை 3200-ஆல் வகுத்தால் 1125. ஆகவே ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அதனால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் 75 வாட், ஒரு பழைய மின்விசிறி. மோட்டார் ஓடும்போது வேகமாக மின்னும், ஒவ்வொரு மின்னலாக நேரம் பார்ப்பது கடினம். அப்போது போனில் வீடியோ எடுத்து, பத்து மின்னலுக்கு ஆன நேரத்தைப் பத்தால் வகுத்தால் போதும். மீட்டரைத் தொட வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம். தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரிட்ஜைக் கால் மணி நேரம் அணைத்துவிட்டு, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் நிறுத்தினோம். வீட்டில் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் மீட்டர் 18 விநாடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட 62 வாட். இரவும் பகலும் இப்படியே ஓடினால் அறுபது நாளில் 90 யூனிட்!

என் மகன் ஒவ்வொரு பிளக்காக அணைத்துக்கொண்டே வந்தான், நான் வாசலில் போனில் நேரம் பார்த்தேன். இன்வெர்ட்டரை அணைத்ததும் 18 விநாடி 45 விநாடி ஆனது. 37 வாட் அது ஒன்றுக்கே போயிருக்கிறது. பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் சூடு. ஆறு வருடப் பேட்டரி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே மாதக்கணக்காகியிருந்தது. பேட்டரி முடிந்துவிட்டது, அது நிறையவே நிறையாது, இன்வெர்ட்டர் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கிறது என்றார் பார்க்க வந்த மெக்கானிக். அடுத்து செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் அணைந்துவிட்டது என்றுதான் அத்தை இத்தனை நாளும் நினைத்திருந்தார். அப்படி அணைத்த பிறகும் 12 வாட் இழுத்தது. இப்போது டிவி பார்த்து முடித்ததும் சுவரிலுள்ள சுவிட்சை அவரே நிறுத்திவிடுகிறார். மிச்சமிருந்தது வைஃபை பெட்டியும் சில்லறைகளும். அவற்றை விட்டுவிட்டோம்.

பேட்டரி மாற்றினோம். பிப்ரவரி கணக்கு 462. அதில் பனிக்காலத்துக்கும் பங்கு உண்டு, எல்லாமே இதனால்தான் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு போன் நினைவூட்டும், மகன் மீட்டரைப் படம் எடுப்பான். தேதி படத்திலேயே பதிவாகிவிடும். அந்த எண்ணை கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியில் போடுவோம். மின்வாரியம் கடைசியாகக் கணக்கெடுத்த நாளிலிருந்து ஓடிய யூனிட்டை நாள்களால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் இந்த முறை எவ்வளவு வரும் என்று தெரியும். 500-ஐத் தாண்டும் போலிருந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படி வைத்திருக்கிறோம். இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5/1 என்று நாம் போடும் ஜனவரி ஐந்தாம் தேதியை அந்தச் செயலி மே முதல் தேதி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். முதல் வாரம் எனக்கு நாள் கணக்கு தாறுமாறாக வந்தது. அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிய பிறகு சரியானது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிலோவாட் மணி பாடத்தில் வருகிறது. அதனால் இதையே வீட்டு வேலையாகக் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் வகுப்பில் இருந்த உற்சாகத்தை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு மாணவியின் வீட்டில் சக்கரம் சுற்றும் பழைய மீட்டர். சக்கரத்தில் உள்ள கோடு திரும்பி வரும் நேரத்தை வைத்து அவள் அதே கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டாள். வாடகை வீட்டில் இருக்கும் இன்னொரு பெண், எல்லாம் அணைத்த பிறகும் சில நேரம் மீட்டர் படபடவென்று மின்னுகிறது என்றாள். அவள் அப்பா நான்கு நாள் நேரம் குறித்து வைத்துப் பார்த்தார். மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் மோட்டார் ஓடும் நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தன. மோட்டாரின் லைன் இவர்கள் மீட்டரில் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரருக்கே அது தெரியாது, எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மாற்றிக் கொடுத்தார். எத்தனை வருடமாக அந்தக் குடும்பம் அதற்கும் சேர்த்துக் கட்டி வந்ததோ! அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தின் ஒரு மூலையில் இந்தக் கணக்கைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். மீட்டரில் 3200 என்றிருந்தால் 1125, 1600 என்றிருந்தால் 2250, 800 என்றிருந்தால் 4500. அதை விநாடியால் வகுக்க வேண்டும். வெட்டி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
மன்னார்குடி.