அப்பாயி அந்த மரத்தடியில் இல்லை, அக்கா

அக்கா,

நீ போனில் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. பழைய தேயிலையைப் பிடுங்கும்போது அந்த நிழல் மரத்தடியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அப்பாயியைப் புதைத்த இடம் என்று அதை உனக்குக் காட்டியது நான். உண்மையில் எனக்கு இடம் தெரியாது.

1977-ல் அப்பாயியைப் புதைத்தபோது எனக்கு எட்டு வயது. பொம்பளைகள் மயானத்துக்கு வரக்கூடாது என்று நீங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். நல்ல மழை. சித்தப்பா என்னைத் தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார், ஈரக் கம்பளி நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது, அதில் ஒரு ஓட்டை, அது வழியாகச் சேறு அப்பிய இரண்டு கால்களும் ஒரு மண்வெட்டியும் மட்டும் தெரிந்தன. தேயிலை வேர் குறுக்கே வந்ததும் யாரோ அதை வெட்ட ஒரு கத்தி கேட்டார்கள். அவ்வளவுதான் நான் பார்த்தது. திரும்பி வந்ததும் "எங்கேடா வச்சாங்க?" என்று அழுதாய். கண்ணில் பட்ட மரத்தைக் கை காட்டினேன்.

மன்னித்துக்கொள். ஆனால் அப்பாவிடம் நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! 1981-ல் நாங்கள் இந்தியாவுக்குத் திரும்ப அழுகைக் கோச்சி, எல்லோரும் அழுதுகொண்டே பிரிந்த அந்த ரயில், ஏறும்வரை அவர் அங்கேதானே இருந்தார்? சரி, நீ ஏன் ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை என்பதை இங்கே கிளற வேண்டாம், மாமா வீட்டு ஆட்களும் படிப்பார்கள்.

2023-ல், நம் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த வருஷம் நான் அங்கே வந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். நீ சூடம் ஏற்றிவிட்டு "இதுதானே தம்பி?" என்றாய். தலையாட்டினேன். திரும்பும் வழியில் கண்டி மகியாவையில் ஜேம்ஸ் டெய்லர் கல்லறையைப் பார்த்தேன். 1867-ல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். பேர், தோட்டம், செத்த தேதி, வயசு 57, முன்னோடி என்ற பட்டம், எல்லாம் கல்லில் இருக்கிறது. அவருக்குக் காடு வெட்டியவர்கள் பேர் ஒன்றுகூட இல்லை. நம் கிழவிக்கு ஒரு ஆற்றுக்கல் வைத்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒரு மரத்தடியை மட்டும் கேட்காதே அக்கா, ஓடைவரைக்கும் கேள். அங்கே புதைத்தது நம் கிழவியை மட்டுமா? கேட்க நானும் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. கோபம் தீரவில்லை என்றால் இந்தத் தடவையும் ஸ்டேஷனுக்கு வராதே.