ஏஜென்ட் இல்லாத பேக்கப்: ஒரு டிக்கோடு வேலை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், விஎம்களுக்கு (ஹோஸ்ட் என்ற ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு) ஏஜென்ட் இல்லாமல், அதாவது அவற்றுக்குள் பேக்கப் மென்பொருள் நிறுவாமல், பேக்கப் எடுப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். ‘விஎம்முக்குள் எதையும் நிறுவ வேண்டாம், ஹோஸ்டில் ஒரு டிக் போட்டால் போதும்’ என்று அது முடிகிறது. முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதியை நம்பினால், ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் சங்கதி தெரியவரும். விஎம்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கி, நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திய பிறகு, சிறிய மருத்துவமனை, கல்லூரி, ஆடிட்டர் அலுவலகம் எனப் பல இடங்கள் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறியுள்ளன. ஆகவே அதை வைத்தே எழுதுகிறோம்.

ஏஜென்ட் இல்லாத முறையில், விஎம்மின் டிஸ்க்கை ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் ஹோஸ்ட் மென்பொருள்) வெளியிலிருந்தே பிளாக் பிளாக்காகப் படித்துக்கொள்ளும். இருபது விஎம் இருந்தால் இருபது இடத்தில் மென்பொருள் நிறுவி, அப்டேட் போட்டு, பாஸ்வேர்டு வைத்துக் கட்டி மேய்க்கும் வேலை மிச்சம். குறை என்னவென்றால், வெளியே நிற்கும் ஹைப்பர்வைசருக்குக் கோப்பு எது, டேட்டாபேஸ் எது என்று தெரியாது. மெமரியில் காத்திருக்கும் தகவல் டிஸ்க்குக்கு வந்து சேர்ந்ததா என்றும் தெரியாது. அப்படியே எடுக்கும் பேக்கப், ஓடும் கணினியின் வயரைப் பிடுங்கியதற்குச் சமம். திரும்ப எழும், பெரும்பாலும் எழும்.

அந்த ‘பெரும்பாலும்’ போக வேண்டுமானால் விஎம்முக்குள் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் வேண்டும். பெயரில் ஏஜென்ட் இருந்தாலும் இது பேக்கப் ஏஜென்ட் ஆகாது. தகவல் எதையும் எங்கும் அனுப்பாது. ‘கையில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுச் சற்று நில்’ என்று ஹோஸ்ட் சொன்னால் கேட்டு நடக்கும், அவ்வளவுதான். விஎம்வேரில் இந்த வேலையை விஎம்வேர் டூல்ஸ் பார்க்கிறது. உபுண்டு, டெபியனில் இதே பெயரில் தொகுப்பு கிடைக்கும். விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவிலேயே இருக்கிறது. கூடவே விர்ட்ஐஓ சீரியல் டிரைவரையும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ்டோடு பேச அதற்கு வழி இருக்காது.

பிறகு அந்த விஎம்மின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் கெஸ்ட் ஏஜென்டை இயக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது: விஎம்முக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. ஹோஸ்டும் விஎம்மும் பேசிக்கொள்ளப் புதிய மெய்நிகர் சாதனம் ஒன்று சேர்கிறது. முழுதாக ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் அது தோன்றும். ‘சம்மரி’ பக்கத்தில் விஎம்மின் ஐபி முகவரி தெரிந்தால் பேச்சு நடக்கிறது என்று பொருள். அன்றிரவு பேக்கப் லாகை (வேலைப் பதிவை) திறந்தால் ‘எஃப்எஸ்-ஃப்ரீஸ்’, ‘எஃப்எஸ்-தா’ (ஃபைல் சிஸ்டத்தை உறைய வை, விடுவி) என்று இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஏஜென்ட் ஓடவில்லை, ஃப்ரீஸைத் தவிர்க்கிறேன் என்ற வரி இருந்தாலும் பேக்கப் ‘ஓகே’ என்றே முடியும். ‘ஓகே’வை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு. வெப் ஹோஸ்டிங் சர்வர்கள் சிலவற்றில் தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவை ஒரு கோப்புக்குள் வைத்து லூப் முறையில், அதாவது அந்தக் கோப்பையே ஒரு டிஸ்க் போல, ஏற்றியிருப்பார்கள். அங்கே ஃப்ரீஸ் செய்தால் விஎம்மே உறைந்துபோய்க் கிடக்கும். அந்த விஎம்மில் மட்டும், ஏஜென்டை வைத்துக்கொண்டே, பேக்கப்பின்போது ஃப்ரீஸ் செய்யும் தேர்வை எடுத்துவிடலாம்.

டேட்டாபேஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்வது டேட்டாபேஸை நிறுத்தி வைப்பதாகாது. போஸ்ட்கிரெஸுக்கும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அட்டவணைகளுக்கும் கவலை குறைவு; டேட்டாவும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் அவற்றின் லாகும் ஒரே கணத்தில் படம் பிடிக்கப்பட்டிருந்தால், ஸ்டார்ட் ஆகும்போது லாகைப் பார்த்துத் தாங்களே சரிசெய்துகொள்ளும். பழைய மென்பொருள்கள் இன்னும் மைஐசாம் அட்டவணைகளை வைத்திருக்கின்றன. அவற்றுக்கு அந்தத் திறன் கிடையாது. விண்டோஸில் ஃப்ரீஸ் விஎஸ்எஸ் (பேக்கப்புக்காக மென்பொருள்களைத் தயார்படுத்தும் விண்டோஸ் சேவை) வழியாகப் போவதால், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் ஒத்துழைக்கும். ஆனால் அதைத் தன் முழு பேக்கப்பாகவே அது பதிந்துகொள்ளவும் கூடும். அப்படிப் பதிந்தால், நீங்கள் தனியே எடுக்கும் டிஃபரென்ஷியல் கோப்புகள் (முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும் உள்ளவை) உங்கள் கையில் இல்லாத ஒரு முழு பேக்கப்பின் மேல் நிற்கும், ரீஸ்டோரின்போது ஒட்டாது. டாலியில் அன்றாடக் கணக்கு நடக்கும் இடங்களில், வேலை முடிந்து எல்லோரும் கம்பெனியை மூடிய பிறகே இரவு பேக்கப் தொடங்கும்படி நேரம் வையுங்கள். டாலியின் சொந்த பேக்கப்பையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவான எளிய வழி: விஎம் பேக்கப்புக்கு அரை மணி நேரம் முன்னால், அதே விஎம்மின் டிஸ்க்கில் டேட்டாபேஸ் டம்ப் (அதன் உள்ளடக்கத்தின் நகல் கோப்பு) ஒன்று விழும்படி செய்து, மூன்று நாள் டம்பை வைத்துக்கொள்வது. நேற்று அழிந்த ஒரே ஒரு அட்டவணைக்காக 300 ஜிபி விஎம்மை எழுப்ப வேண்டியதில்லை.

இனி பேக்கப் வேலையை அமைப்பது. பிராக்ஸ்மாக்ஸின் ‘டேட்டாசென்டர்’ பகுதியில் ‘பேக்கப்’ சென்று புதிய வேலை சேர்க்கும்போது, விஎம்களை ஒவ்வொன்றாக டிக் செய்யும் முறையைத் தவிர்ப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து யாரோ உருவாக்கும் புதிய விஎம்மை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒருவருக்கும் நினைவிருக்காது. ‘எல்லாம்’ அல்லது ‘குறிப்பிட்டவை தவிர மற்றவை’ என்று வைத்தால் புதியது தானாக உள்ளே வரும். எந்த வேலையிலும் சேராத விஎம் இருந்தால் அதே பக்கம் எச்சரிக்கும். நிறையப் பேர் அந்த மஞ்சள் பட்டையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறார்கள். மாலையில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகமாக இருந்தாலோ, கரண்ட் போய்ப் போய் வரும் ஊராக இருந்தாலோ, தவறிய வேலையைப் பிறகு ஓட்டும் ‘ரிப்பீட் மிஸ்ட்’ தேர்வையும் இயக்குங்கள். காலையில் சர்வர் எழுந்ததும் பேக்கப் தொடங்கும்; கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள், இருக்கட்டும்.

‘மோடு’ என்ற இடத்தில் ஸ்னாப்ஷாட், சஸ்பெண்ட், ஸ்டாப் என மூன்று உண்டு. ஸ்னாப்ஷாட் என்ற பெயர் குழப்பும். விஎம்வேரில் நடப்பதுபோல இங்கே தனி ஸ்னாப்ஷாட் கோப்பு உருவாவதில்லை. பேக்கப் ஓடும்போது, இன்னும் படிக்காத ஒரு பிளாக்கை விஎம் மாற்றப்போனால், பழைய உள்ளடக்கத்தை முதலில் பேக்கப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் புதியதை எழுத விடும். பேக்கப் போய்ச் சேரும் இடம் மெதுவான என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) என்றால், விஎம்மும் அதன் வேகத்துக்கு இழுபடும். இரவு பத்து மணிக்குப் பில் போடும் மருந்துக்கடை கவுண்டர் நின்று நின்று ஓடுவதற்குப் பல சமயம் இதுவே காரணம். பழி மென்பொருள்காரர் மேல் விழும். 2024இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2 பதிப்பிலிருந்து ‘ஃப்ளீசிங்’ என்ற வசதி, வேலையின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் இருக்கிறது. பழைய பிளாக்குகளை உள்ளூர் எஸ்எஸ்டியில் தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு விஎம்மை ஓட விடும். அந்த எஸ்எஸ்டியில் இடம் மிச்சம் இருக்க வேண்டும். எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் போன்ற, தேவைக்கேற்ப இடம் பிடிக்கும் சேமிப்பாக இருப்பது நல்லது.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 1 கிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி போகும். 1 டிபிக்கு இரண்டரை மணி நேரம். சாதாரண என்ஏஎஸ் பகிர்வுக்கு அனுப்பினால் ஒவ்வொரு இரவும் முழு பேக்கப்தான். பேக்கப்புக்கென்றே உள்ள பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் வைத்தால், மாறிய பிளாக்குகளின் கணக்கை, விஎம்மை ஓட்டும் கியூஎமு வைத்திருந்து அவற்றை மட்டும் படிக்கும். 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே உள்ள துண்டைத் திரும்ப அனுப்பாது. விஎம்மை ஷட்டவுன் செய்து எழுப்பினால் அந்தக் கணக்கு மறைந்துவிடும். அடுத்த இரவு டிஸ்க் முழுவதையும் படித்துக்கொண்டு நீண்ட நேரம் ஓடினால் பதற வேண்டாம், அனுப்புவதென்னவோ கொஞ்சமாகத்தான் இருக்கும்.

ஹைப்பர்வைசரின் கண்ணுக்கே படாத டிஸ்க்குகளும் உண்டு. விஎம்முக்குள்ளிருந்து நெட்வொர்க் வழியாக நேரடியாக இணைத்த ஐஸ்கஸி டிஸ்க், என்எஃப்எஸ் பகிர்வு, பிசிஐ பாஸ்த்ரூ மூலம் (ஹோஸ்டின் வன்பொருளை நேராக விஎம்மிடமே ஒப்படைத்து) கொடுத்த கன்ட்ரோலரில் தொங்கும் டிஸ்க்குகள் எல்லாம் இந்த வகை. சிசிடிவி பதிவு விஎம்கள் சிலவற்றில் இப்படி இருக்கும். டிஸ்க் அமைப்பில் ‘பேக்கப்’ டிக் எடுக்கப்பட்ட டிஸ்க்கையும் அது சத்தமில்லாமல் தாண்டிவிடும். லாகில் ஒவ்வொரு டிஸ்க்கையும் சேர்த்தேனா, விட்டேனா என்று எழுதியிருக்கும். முதல் நாள் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஹோஸ்டின் சொந்த அமைப்பும் விஎம் பேக்கப்பில் வராது. நெட்வொர்க் பிரிட்ஜ், விலான், சேமிப்பு இணைப்புகள், பேக்கப் வேலைகளின் பட்டியல் இவற்றைத் தனியே நகல் எடுக்க வேண்டும்.

எத்தனை நாள் வைப்பது என்பதற்கு ஏழு தினசரி, நான்கு வாராந்திரம், ஆறு மாதாந்திரம் என்று தொடங்கலாம். பேக்கப் சர்வரில் ‘ப்ரூன்’ பழைய பட்டியலை நீக்குமே தவிர, இடத்தை விடுவிக்காது. ‘கார்பேஜ் கலெக்ஷன்’ ஓடினால்தான் இடம் திரும்பும். அதுவும் கடைசி 24 மணி நேரத்தில் தொட்ட துண்டுகளை விட்டுவைக்கும். டிஸ்க் நிரம்பிய பதற்றத்தில் நாலு பேக்கப்பை அழித்துவிட்டு, இடம் வரவில்லையே என்று மேலும் நாலை அழிப்பவர்கள் உண்டு. மறுநாள் வரை பொறுங்கள்.

பேக்கப் சர்வர் தனி இயந்திரமாக இருக்கட்டும். அதே ஹோஸ்டில் ஒரு விஎம்மாக வைத்தால் ஹோஸ்டோடு அதுவும் போகும். அலுவலக டொமைன் பாஸ்வேர்டில் அது திறக்கவும் கூடாது. ஹோஸ்டுக்குக் கொடுக்கும் டோக்கனுக்கு (பாஸ்வேர்டுக்குப் பதிலான நுழைவுச் சாவிக்கு) ‘டேட்டாஸ்டோர் பேக்கப்’ உரிமை மட்டும் போதும். அந்த டோக்கனால் பேக்கப் எடுக்க, தான் எடுத்ததை ரீஸ்டோர் செய்ய முடியும், அழிக்க முடியாது. ப்ரூனைப் பேக்கப் சர்வரிலேயே ஓட்டுங்கள். 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் மென்பொருள்) விஎம்வேரின் ஹைப்பர்வைசர்களையே நேராகத் தாக்கியது. ஹோஸ்டைப் பிடித்தவன் அடுத்து பேக்கப்பைத்தான் தேடுவான். வேறு கட்டடத்தில் ஒரு நகலும் வேண்டும். தென்கொரியாவின் டேஜியோன் அரசுத் தகவல் மையம் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டிபி கோப்புகள் வெளி நகல் இல்லாமல் அழிந்தன. அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது, அளவு பெரிது என்பது.

என்கிரிப்ஷன் போடுபவர்கள் அதன் சாவியை அச்சிட்டுப் பீரோவில் வையுங்கள். சாவி ஹோஸ்டில் மட்டும் இருந்து ஹோஸ்ட் எரிந்தால், பேக்கப் முழுசாக இருந்தும் திறக்க வழியில்லை.

கடைசியாக ரீஸ்டோர் சோதனை. 2014இல், விஎம்வேரின் மாறிய பிளாக் கணக்கில், டிஸ்க்கை 128 ஜிபி எல்லையைத் தாண்டி நீட்டினால் தவறான தகவல் வரும் பிழை இருந்தது தெரியவந்தது. அதுவரை அந்த பேக்கப்புகள் வெற்றி என்றுதான் காட்டிவந்தன. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, புதிய விஎம் எண் கொடுத்து, ‘யூனிக்’ (புதிய நெட்வொர்க் அடையாளம் தரும் தேர்வு) டிக் போட்டு, ‘ஸ்டார்ட் ஆஃப்டர் ரீஸ்டோர்’ டிக் இல்லாமல் மீட்டெடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் நெட்வொர்க் கார்டைத் துண்டியுங்கள். ஒரே ஐபியில் இரண்டு பில்லிங் சர்வர் எழுந்தால் கடைசி பில் எதில் விழுந்தது என்று தேடி அலைய நேரிடும். கன்சோலில் உள்ளே நுழைந்து, டேட்டாபேஸைத் திறந்து, முந்தைய நாளின் கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த விஎம்மை நீக்கிவிடுங்கள். நீக்கும் முன் விஎம் எண்ணை இரண்டு முறை படியுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்