முதல் குழி தோண்டும் முன்பே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நஞ்சேறிய நிலங்களைத் தூய்மைப்படுத்துவது பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ‘பொதுமக்கள் பங்கேற்பு’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. நடப்பது வேறு. மண் மாதிரி எடுத்து, ஆய்வை முடித்து, மண்ணை அள்ளுவதா மூடுவதா என்றும் தீர்மானித்துவிட்டு, கடைசியில் ஒரு கூட்டம் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். முடிவெடுத்த பிறகு கேட்கும் கருத்தால் யாருக்கு என்ன பயன்? முதல் குழி தோண்டும் முன்பே அவர்களைக் கேட்டாக வேண்டும்.

மண் ஆய்வு என்றால் நிலம் முழுவதையும் சோதிப்பதில்லை. கட்டம் போட்டு, ஆங்காங்கே துளையிட்டு மாதிரி எடுப்பதுதான். இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு பீப்பாய் புதைந்து கிடந்தால் அது அறிக்கையில் வராது. ஆனால் அதைப் புதைத்த தொழிலாளிக்கு இடம் தெரியும். எந்தப் பள்ளத்தை எதைக் கொட்டி மூடினார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்போது நிறம் மாறியது, மழை நாளில் நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மனப்பாடம்.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கேனால் என்ற குடியிருப்பில் நடந்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன். பாதியில் கைவிட்ட கால்வாய் ஒன்றில் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைக் கொட்டி மூடினார்கள். பிறகு அங்கே பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி வீடு வீடாகக் கதவைத் தட்டி, யாருக்கு என்ன நோய் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தார். அந்தக் குறிகள் கால்வாயைச் சுற்றி மட்டும் நிற்கவில்லை. தள்ளியிருந்த தெருக்களிலும் வரிசையாக நீண்டன. எப்போதோ தூர்ந்துபோன ஓடைகளின் தடத்தைப் பழைய குடியிருப்பாளர்கள் நினைவிலிருந்து சொன்னபோது, நோயின் வரிசையும் ஓடையின் தடமும் பொருந்தின. பெண்கள் வீட்டிலிருந்து திரட்டிய கணக்குதானே என்று சுகாதாரத் துறை முதலில் அதை ஒதுக்கித் தள்ளியது. அதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கொதிக்கிறது. கொடைக்கானலிலும் 2001இல் பழைய பொருள் கிடங்கில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்து வெளிக்கொண்டுவந்தவர்கள் உள்ளூர் மக்களும் ஆர்வலர்களும்தான்.

லவ் கேனாலின் தாக்கத்தில் 1980இல் அமெரிக்காவில் நஞ்சேறிய இடங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் வந்தது. 1986இல் அதைத் திருத்தியபோது, பாதிக்கப்பட்ட மக்கள் தங்களுக்கென்று ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை வைத்துக்கொள்ள 50,000 டாலர் வரை மானியம் தர வழி செய்தார்கள். இந்த ஏற்பாடு எல்லா நாடுகளிலும் வேண்டும். ஏனென்றால் ‘ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது’ என்று அறிக்கை சொன்னால், யாருக்கு அனுமதித்த அளவு என்று கேட்க ஆள் வேண்டும். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுக் காலணியோடு வீட்டுக்குப் போகும் பெரியவருக்கா, அதே மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கா? தொழிற்சாலை நிலத்துக்கு ஓர் அளவு, வீட்டு மனைக்கு ஓர் அளவு என்று வைக்கிறார்கள். அந்த இடம் நாளை எதற்குப் பயன்படப்போகிறது என்பதை அங்கே வாழப்போகிறவர்கள் சொல்லாமல் எந்த அளவைத் தேர்ந்தெடுக்க முடியும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘உள்ளூர் மக்கள்’ என்றால் கழிவு கிடக்கும் ஊரார் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். போபால் ஆலையில் கிடந்த சுமார் 337 டன் கழிவை, விஷவாயு விபத்து நடந்து 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் எரிப்பதற்காக அதே மத்தியப் பிரதேசத்தில் உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று சொல்ல என்னால் முடியவில்லை. என்ன எரிக்கப்படுகிறது, புகையை யார் அளக்கிறார்கள், மிஞ்சும் சாம்பல் எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு, லாரி கிளம்பும் முன்பே அவர்கள் ஊரில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி